மே மாதப் பேராசிரியர்

விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்து, சிவப்புப் பேனாவை மூடிவைத்த மறுநாள்தான் தாமும் படிக்கிறவர் என்பது பேராசிரியருக்கு ஞாபகம் வரும். டிசம்பரிலிருந்து அவர் படித்ததெல்லாம் சுற்றறிக்கை, வருகைப் பதிவேடு, இன்டர்னல் மார்க் பட்டியல், நாக் குழுவுக்கான கோப்பு. ஹால் டியூட்டியில் பிடித்த பிட்டுத்தாள் ஒன்றை மட்டும் ஆர்வமாகப் படித்தார் என்று கேள்வி. (அதில் இரண்டு சந்திப்பிழைகளைத் திருத்தினாராம்.)

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சியில் பத்து சதவீதத் தள்ளுபடியில் வாங்கியவை, பில்லும் பையுமாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. ஆய்விதழ்களுக்கு உறைகூடக் கிழியவில்லை. “இந்த லீவுல எல்லாத்தையும் முடிச்சிடணும்” என்று பட்டியல் போடுவார். பட்டியல் போடவே ஒரு வாரம் ஆகும்.

மதுரையில் ஒரு வரலாற்றுத் துறைக்காரரை எனக்குத் தெரியும். காலையில் கீழடிக் கட்டுரை ஒன்றில் இறங்குவார். அடிக்குறிப்பு அவரை ஆதிச்சநல்லூருக்கு அனுப்பும். அங்கே 1876-இல் தோண்டியவர் யாகோர் என்ற ஜெர்மானியர்; கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனவர். ‘யாருய்யா இந்த ஆளு?’ என்று துருவினால், 1873-இலேயே பிலிப்பைன்ஸ் பயணநூல் எழுதி வெளியிட்டிருக்கிறார். அதை விரும்பிப் படித்தவர் பிலிப்பைன்ஸ் தேசிய வீரர் ஹொசே ரிசால். பெர்லினில் யாகோரைச் சந்தித்தும் இருக்கிறார். அப்புறம் என்ன, சாயங்காலம் நம்மவர் ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து மணிலாவில் நிற்பார். அவர் காவலிருக்கும் மொட்டைமாடியில் கூழ்வற்றலைக் காக்காய்கள் பாதிக்குமேல் முடித்திருக்கும்.

“ஏங்க, காக்கா விரட்டத்தானே மேல அனுப்புனேன்?”

“படிச்சுக்கிட்டுல்ல இருக்கேன்.”

“அதான் அஞ்சு மாசமா காலேஜ்ல படிச்சீங்கள்ல?”

இந்தக் கேள்விக்கு உயர்கல்வித் துறையிலேயே பதில் கிடையாது. பாடம் நடத்தினோம் என்பதற்கு ஆதாரம் தயாரிக்கும் நேரத்தை அவருக்கே விட்டுக்கொடுத்திருந்தால், வற்றல் பிழைத்திருக்கும்.

பட்டியலில் இருந்த எதையும் அவர் முடிக்கவில்லை. பட்டியலில் இல்லாத யாகோரை மட்டும் கரைத்துக் குடித்துவிட்டார். ஜூனில் கல்லூரி திறக்கும். இரண்டாமாண்டுப் பிள்ளைகளே, “கீழடி பத்திச் சொல்லுங்க சார்” என்று கேட்டுப் பாருங்கள், மணியடிக்கும்வரை மணிலாதான். குறுக்கே பேசாதீர்கள். பல்கலைக்கழக வினாத்தாளில் இதிலிருந்து ஒரு மார்க்குக்குக்கூடக் கேள்வி வராது, நிம்மதியாகக் கேட்கலாம்.