வெறுங்கிண்ணம் திரும்பாத ஊர்

நன்றியறிதலைக் குறித்துப் பிரசங்கம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் போஜனம் முடித்துத் தாம்பூலமும் தரித்துக்கொண்ட பிறகே மேடை ஏறுகிறார்கள் என்பதையும், எதிரே அமர்ந்து கேட்கிறவர்களில் பலருக்கு அன்றையப் போஜனம் இன்னும் நிச்சயப்படவில்லை என்பதையும் நான் பல கூட்டங்களில் கவனித்திருக்கிறேன். எனக்கு இவ்விஷயத்தில் உபதேசம் செய்தது, வேதாரண்யத்துக்கு அருகில், உப்பளத்துக் கூலியையே நம்பிப் பிழைத்த ஒரு குக்கிராமத்துக்கு நான் ஓராசிரியர் பள்ளியின் ஒரே ஆசிரியனாகப் போய்ச் சேர்ந்தபோது என் வாசற்படி ஏறி வந்த ஓர் அலுமினியக் கிண்ணம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்ன புண்ணியவான், உப்பைக் காசு கொடுத்து வாங்கும் ஊர்க்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும். உப்பு காலடியில் குவிந்தும் அரிசி கடையில் மட்டுமே குவிந்தும் கிடந்த அவ்வூரில், அந்த விதியைப் பின்பற்ற முனைந்தால் நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். வேறு காரியம் நடவாது. பொழுது விடியுமுன் அளத்துக்குப் போய், பாத்தியில் உறைந்ததை வாரிக் குவித்து, வெயில் ஏறிய பின் வீடு திரும்பும் அந்த ஜனங்களுக்கு, ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் அளமும் கிடையாது, கூலியும் கிடையாது. அம்மாதிரிச் சமயத்தில் மனிதர்கள் கையை இறுக்கிக்கொள்வார்கள் என்பது பொருளாதார சாஸ்திரம்; அச்சமயத்தில்தான் வீட்டுக்கு வீடு கொடுக்கல் வாங்கல் உச்சத்துக்குப் போகும் என்பது அவ்வூர் சாஸ்திரம்.

மேற்சொன்ன கிண்ணம், அடுத்த குடிசைக் கிழவி எனக்குக் கருவாட்டுக் குழம்பு அனுப்பிய கிண்ணம். நான் அதைச் சாம்பல் போட்டுப் பளபளவென்று துலக்கி, மிகுந்த வந்தனத்தோடு திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“என்ன வாத்தியாரய்யா, வெறுங்கிண்ணத்தக் கொண்டாந்து நீட்டுறீங்க? குடும்பத்துக்கு ஆவுமா?” என்றாள் கிழவி.

திரும்பி வந்து ஒரு வெல்லக்கட்டியை அதில் இட்டுக் கொடுத்தேன். கணக்குத் தீர்ந்தது என்று அன்றிரவு நிம்மதியாக நித்திரை செய்தேன். மறுநாள் காலையில் கிண்ணம் முருங்கைக்கீரைப் பொரியலோடு வந்து நின்றது. பதிலுக்குச் சர்க்கரை போயிற்று. கோடிக்கரைக் காட்டிலிருந்து பொறுக்கி வந்த பாலைப்பழம் வந்தது. காப்பிப் பொடி போயிற்று. அவித்த பனங்கிழங்கு வந்தது. மாதச் சம்பளக்காரனாகிய நான், தினக்கூலிக்காரியாகிய ஒரு கிழவியோடு தொடுத்த இந்த யுத்தத்தில் ஒரே அடியில் ஜயித்துவிட உத்தேசித்து, முழுத் தேங்காய் ஒன்றை அனுப்பிவைத்தேன். அது கிண்ணத்தில் அடங்காததைக் கண்ட கிழவி, என் சிரமத்தை உத்தேசித்து, அன்று முதல் கிண்ணத்தை மாற்றிக் குண்டான் அனுப்பத் தொடங்கினாள்.

கணக்கைத் தீர்ப்பதுதான் அங்கே அவமரியாதை என்பது நாளாவட்டத்தில் எனக்குப் புலப்பட்டது. பாக்கி இருக்கிறவரையில்தான் உறவு இருக்கிறது. பைசல் செய்துவிட்டால் அப்புறம் யார் யார் வீட்டுக்குப் போவது? வகுப்பில் ஒரு நாள், இளையான்குடி மாற நாயனார் மழை இரவில் அடியார் ஒருவருக்கு அமுது படைக்க, வயலில் விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வந்த சரித்திரத்தை உருக்கமாகச் சொல்லி முடித்து, பிள்ளைகள் கண் கலங்கக் காத்திருந்தேன். ஒரு பையன் எழுந்து, “அவருக்குச் சொந்தமா வயலு இருந்துச்சா, சார்?” என்று கேட்டான். தியாகத்தில் அவனுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, வயலில்தான் ஆச்சரியம்.

கொடுத்தே தீருவது என்ற இந்தப் பிடிவாதம் அப்பிரதேசத்துக்குப் புதிதன்று. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி திருச்சிராப்பள்ளியிலிருந்து தொண்டர்களோடு வேதாரண்யத்துக்கு உப்பெடுக்கக் கால்நடையாகப் புறப்பட்டபோது, அவர்களுக்கு அன்னமோ தங்க இடமோ அளிப்பவர்களுக்குத் தண்டனை உண்டென்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் துரை உத்தரவு போட்டார். உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து ஜனங்கள் யாருக்கும் அன்னம் அளிக்கவில்லை. வழியோரத்து மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்கள் தாமே காய்த்துத் தொங்கின, ஆற்றங்கரை மணலுக்குள் அன்னம் தானே விளைந்து கிடந்தது. மரத்தின் பேரில் எந்தப் பிரிவின் கீழ் வழக்குத் தொடுப்பது? அதே சமயம், போலீசாருக்குச் சவரம் செய்வதில்லை என்று விரதம் பூண்டிருந்த வைரப்பன் என்ற நாவிதர், பாதிச் சவரத்தில் எதிரே இருப்பவர் போலீஸ்காரர் என்று அறிந்ததும் எழுந்துவிட்டார் என்று அவ்வூர்ப் பக்கம் இன்றும் ரசித்துச் சொல்வார்கள். கொடுப்பதில் எத்தனை பிடிவாதமோ, கொடாமலிருப்பதிலும் அத்தனை!

1956-இல் காமராஜரின் மதிய உணவுத் திட்டம் பள்ளிக்கூடங்களை எட்டியபோது, ஊராரும் தம் பங்கைச் செலுத்த வேண்டும் என்பது ஏற்பாடு. ‘இந்த ஊரில் யாரிடம் போய்க் கேட்பது?’ என்று நான் கூச்சத்தோடு படலையைத் தட்டுமுன்பே, பெண்கள் உலையில் இடும் அரிசியில் தினம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடத் தொடங்கியிருந்தார்கள். பிடியரிசிக்கு வழியில்லாத வீட்டார் அடுப்பெரிக்கப் பனைமட்டை கொண்டுவந்தார்கள். உப்பு, ஜில்லா முழுவதற்கும் போதுமான அளவு வந்து சேர்ந்தது. என் கிழவி, பள்ளியில் படிக்கப் பேரப்பிள்ளை ஒருவரும் இல்லாதிருந்தும், குண்டானையே கொடுத்துவிட்டாள். அதை எதைக்கொண்டு நிரப்பித் திருப்புவது என்ற கவலை அன்றே என்னைப் பிடித்துக்கொண்டது.

மேலிடத்து உத்தரவின்படி, ஆதரவற்ற நிலையில் உணவு பெறத் தகுதியுடைய குடும்பங்களின் ஜாபிதா ஒன்றும், மனமுவந்து உதவிய தனவான்களின் ஜாபிதா ஒன்றும் தயாரித்து, நல்ல காகிதத்தில் அழகாக எழுதி அனுப்பிவைத்தேன். பத்து நாளில் இரண்டும் திரும்பி வந்தன. ஒரே ஜாபிதாவை ஆசிரியர் கவனக்குறைவாக இரு முறை நகல் எடுத்து அனுப்பியிருப்பதாகவும், ஒரு கிழவியின் பெயர் மட்டும் ஒன்றில் விடுபட்டிருப்பதாகவும், இனியாவது ஜாக்கிரதையாக இருக்கும்படியும், சிவப்பு மசியில் ஒரு குமாஸ்தா எழுதியிருந்தார்.