மூன்று துறை, ஒரு கறுப்பு வயர்

நான் படிக்கும் அகாடமியை எந்த ஊரிலும் தேட வேண்டாம். அது என் கற்பனையில் மட்டும் நடக்கிறது. நன்கொடை கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது, விடியற்காலையில் வேன் வந்து ஹாரன் அடிப்பதும் கிடையாது. பாடத்திட்டம் மட்டும் நிஜம்.

மாடியில் சாஃப்ட்வேர், தரைத்தளத்தில் ஹார்டுவேர், மொட்டைமாடியில் ரோபாட்டிக்ஸ். மூன்றுக்கும் பொதுப்பாடம் ஒன்று உண்டு: பழியை அடுத்தவர் தலையில் இறக்குவது.

இதில் குருநாதர் கம்பைலர். எங்களுக்குத் தரப்படும் அர்டுயினோ போர்டு, 2005-இல் இத்தாலியின் இவ்ரேயாவில், எலெக்ட்ரானிக்ஸ் தெரியாதவர்களும் புழங்கட்டும் என்று உருவாக்கப்பட்டது. என்னை நினைத்துத்தான் செய்திருக்கிறார்கள். அதற்கு புரோகிராம் எழுதும்போது பதினோராம் வரிக் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போனால், கம்பைலர் பெரும்பாலும் பன்னிரண்டாம் வரியைத்தான் பிடித்து உலுக்கும். இதைப் பார்த்து வளர்ந்த மாணவர்கள் வேறு எப்படி இருப்பார்கள்? இந்த போர்டு பொருத்திய ரோபோ வண்டி நகரவில்லை என்றதும், “கோடிங் கரெக்ட் சார், கீழே கேளுங்க” என்கிறார்கள்.

கீழே ஒரே சால்டரிங் புகை. 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். ஆனால் ஒட்ட வேண்டிய பாகத்தின் காலைச் சூடாக்காமல் ஈயத்தை மட்டும் உருக்கி வைத்தால், பார்வைக்கு ஒட்டியிருக்கும்; தொட்டால் கழன்றுவிடும். “டிரை சால்டரா? நம்ம கையிலயா? மேலே மொட்டைமாடியில என்ன பண்ணாங்களோ!” என்று பதில் வரும்.

மொட்டைமாடியில் குற்றவாளி சூரியன். வெள்ளைத் தரையில் ஒட்டிய கறுப்பு டேப்பைப் பிடித்துப் போக வேண்டிய வண்டி அது. சென்சார் அனுப்பும் அகச்சிவப்பு ஒளியை வெள்ளை திருப்பித் தரும், கறுப்பு விழுங்கும். வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம். வண்டி குழம்பி, டேப்பை விட்டுத் தண்ணீர்த் தொட்டியை நோக்கி யாத்திரை கிளம்பிவிடும். இன்னொரு வண்டி விநாடிக்கு 40,000 அதிர்வுள்ள ஒலியை அனுப்பி, எதிரொலி வந்தால் நிற்கும். சுவரைக் கண்டு சமர்த்தாக நிற்கும் அது, கொடியில் காயும் கம்பளியை நேரே போய் முட்டும். கம்பளி ஒலியைக் குடித்துவிடுகிறதே! விசாரணை உடனே கம்பளியைக் காயப்போட்ட வாட்ச்மேன் பக்கம் திரும்பும்.

ஆண்டுத் தேர்வில் ஓடாத வண்டி ஒன்றை நடுவில் வைப்பார்கள். கோடிங் சரி. சால்டரிங்கும் சரி. மோட்டாருக்குத் தனி பேட்டரி, போர்டுக்குத் தனி பேட்டரி. இரண்டின் நெகட்டிவையும் சேர்க்கும் கறுப்பு வயரைத்தான் காணோம். அது இல்லாவிட்டால் போர்டு சொல்வது மோட்டாரை இயக்கும் டிரைவர் சர்க்யூட்டுக்கு விளங்காது. மாலையை அந்தப் பக்கத்தார் கொண்டுவருவார்கள் என்று சம்பந்திகள் இருவருமே வெறுங்கையோடு வந்த கல்யாணம் மாதிரி, மேல்மாடிக்காரர்கள் கீழேயும் கீழ்த்தளத்தார் மேலேயும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

கற்பனை என்னுடையது என்பதால் தாளாளரும் நானே. ஆகவே அந்த முறையில் ஓர் உத்தரவு போட்டிருக்கிறேன். இனி எங்கள் பிரின்சிபால் மல்டிமீட்டர். இரண்டு முனையையும் வைத்தால், இணைப்பு இருந்தால் ‘பீப்’ என்னும். இல்லாவிட்டால் வாயே திறக்காது. யார் மாட்டவில்லை என்று அது கேட்பதே இல்லை. அதனாலேயே மூன்று துறையும் ஒன்றுகூடி, பிரின்சிபாலை மாற்றச் சொல்லி மனு கொடுத்திருக்கின்றன. அகாடமி வரலாற்றில் முதல் கூட்டு முயற்சி.