நேரில் பார்த்த சாட்சி

குரங்கு மனிதனாக மாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் உடனே பக்கத்துக் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கவும். நீங்கள் வராததால் ஒரு பெரிய கேஸ் தள்ளுபடியாகிவிட்டது.

2018 ஜனவரியில் ஔரங்காபாத்தில் பேசிய சத்யபால் சிங், குரங்கு மனிதனானதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொன்னதுமில்லை, எழுதிவைத்ததுமில்லை, ஆகவே டார்வின் கொள்கை தவறு, பாடத்தை மாற்ற வேண்டும் என்றார். அப்போது அவர் ஒன்றிய மனிதவள மேம்பாட்டுத் துறையின் இணை அமைச்சர். அதற்கு முன்பு மும்பை போலீஸ் கமிஷனர். இந்த இரண்டாவது தகவல்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கண்கண்ட சாட்சி இல்லையென்றால் சம்பவமே நடக்கவில்லை என்பது போலீஸ்காரர் பேசுகிற பேச்சா? பூட்டிய வீட்டில் நகை போனால் எந்தச் சாட்சியைத் தேடுவார்கள்? கைரேகை எடுக்க மாட்டார்களா?

இந்தக் கேஸிலும் கைரேகை இருக்கிறது ஐயா. சிம்பன்சிக்கு 24 ஜோடி குரோமோசோம், நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. இரண்டு ஒட்டி ஒன்றாகிவிட்டன. ஒட்டிய இடத்துத் தழும்பு நம் இரண்டாம் குரோமோசோமில், கமிஷனர் உட்பட எல்லோர் உடம்பிலும், அப்படியே கிடக்கிறது. இன்னொன்று, இன்றைய குரங்கு மனிதனானது என்று டார்வின் சொல்லவேயில்லை. இருவருக்கும் பாட்டன் ஒருவன் என்றார். குரங்கு நமக்குத் தாத்தா அல்ல, பங்காளி. பங்காளி என்றாலே நமக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

நாட்டின் மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன. அடுத்த ஆண்டே ஜலந்தரில் இந்திய அறிவியல் மாநாட்டு மேடையில் ஒரு துணைவேந்தர், டார்வினைவிடத் தசாவதாரமே மேலான கொள்கை என்று அருளினார். ஒருவருக்கு டார்வின் பொய்யர், இன்னொருவருக்கு நம்மிடம் ஏற்கெனவே இருந்த சரக்கைத் தாமதமாகக் கண்டுபிடித்தவர். முதலில் உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள்.

அமெரிக்காக்காரன் இதையே கோட்டு சூட்டு மாட்டிச் செய்தான். கடவுள் என்று சொன்னால் நீதிமன்றம் விடாது என்பதால் 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்று பெயர் வைத்தான். 2005-ல் பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வழக்கில் அந்தத் தரப்பின் பெரிய சாட்சியான மைக்கேல் பீஹி, தம்முடைய வரையறைப்படி ஜோதிடமும் அறிவியல் கோட்பாடாகிவிடும் என்று கூண்டில் நின்று ஒப்புக்கொண்டார். அங்கே அது மானக்கேடு. இங்கே 2001-லேயே பல்கலைக்கழக மானியக் குழு ஜோதிடத்துக்குப் பட்டப்படிப்புக்கு வழிசெய்துவிட்டது. விஞ்ஞானி பி.எம். பார்கவா உச்ச நீதிமன்றம் வரை போய் 2004-ல் தோற்றார். இதில் மட்டும் நாம் வல்லரசுக்கு நாலு வருஷம் முன்னோடி.

வடிவமைப்பு என்கிறார்களே, அதன் லட்சணத்தைப் பாருங்கள். மூச்சுக்கும் சோற்றுக்கும் ஒரே தொண்டை. ஒரு பருக்கை வழிதவறினால் உயிரே போகும். வீட்டில் இப்படிக் குழாய் போட்ட பிளம்பருக்குக் கூலி கொடுப்போமா? நாமோ புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். வடிவமைப்பாளர் தப்பித்துவிடுகிறார்.

சிரித்தது போதும். கொரோனாவில் பிள்ளைகளுக்குப் பாடச்சுமை என்று சொல்லி, சிபிஎஸ்இ பள்ளிகளுக்குப் புத்தகம் போடும் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் கத்தியை வைத்தது. 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் வெறும் 'மரபு' ஆனது. டார்வின் போனார், மனிதன் வந்த கதை போயிற்று. எந்த நாளில்? ஆல்ஃபா, டெல்டா, ஒமிக்ரான் என்று அந்த வைரஸே உருமாறி உருமாறி, பரிணாமம் என்றால் என்னவென்று வீடுவீடாக வந்து பாடம் நடத்திக்கொண்டிருந்த நாளில். வாத்தியாரைக் காரணம் காட்டியே பாடத்தை எடுத்த ஊர் இது. 2023 ஏப்ரலில் 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே என்று பதில் வந்தது. பத்து முடித்துக் காமர்ஸ் எடுக்கிற பிள்ளை உயிரியல் பக்கம் திரும்பிப் பார்ப்பானா? சாட்சி எங்கே என்று கேட்டவர்கள், சாட்சி வந்ததும் கேஸ் கட்டையே காணாமல் அடித்துவிட்டார்கள்.

குரங்கின் மேல் ஏன் இத்தனை கோபம்? குரங்கு ஒரு சாக்கு. மனிதர் எல்லோரும் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த பொது முன்னோரிடமிருந்து வந்தவர்கள் என்று ஒரு பிள்ளை படித்துவிட்டால், முகத்தில் பிறந்தவன், தோளில் பிறந்தவன், தொடையில் பிறந்தவன், காலில் பிறந்தவன் என்ற பழைய மகப்பேறு விடுதிக் கணக்கு என்னாவது? 2019-ல் அதே சத்யபால் சிங் மக்களவையில் நாம் ரிஷிகளின் பிள்ளைகள் என்றபோது திமுக எம்.பி. கனிமொழி எழுந்து, என் முன்னோர் ரிஷிகள் அல்ல, ஹோமோ சேப்பியன்ஸ், என் பெற்றோர் சூத்திரர்கள் என்று சொன்னார். கோத்திரமே இல்லாதவனுக்கு எந்த ரிஷியை ஒதுக்கியிருக்கிறீர்கள் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை.

தமிழ்நாட்டு அரசின் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' என்று ஒரு முழுப் பாடம் இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அது இலவசம். லட்சக்கணக்கில் கட்டி சிபிஎஸ்இ-யில் சேர்த்த பெற்றோர்களே, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் அந்தப் புத்தகத்தை ஒரு வாரம் இரவல் கேளுங்கள்.