ஸ்ட்ரெச்சரில் வந்த சரண்

ஆயுள் தண்டனை உறுதியானால் பெரிய மனிதர்களுக்கு முதலில் படுப்பது இதயம்தான். சர்க்கரையும் பிரஷரும் பின்னாலேயே வரும். கொலை வழக்கில் சரவண பவன் ஹோட்டல் அதிபர் ராஜகோபால், உடம்பைக் காட்டிச் சரணடைய அவகாசம் கேட்டார். அப்பீல் விசாரணையின்போது ஒருநாளும் சொல்லாத நோயா என்று கேட்டு, மறுத்தது உச்ச நீதிமன்றம். 2019 ஜூலை 9 அன்று ஆம்புலன்ஸில், ஆக்சிஜன் மாஸ்க்கோடு, ஸ்ட்ரெச்சரில் வந்து சரணடைந்தார். தி. நகரில் டிகிரி காபியை ஆற்றிக்கொண்டே, “என்னமா நடிக்கிறார் அண்ணாச்சி!” என்றோம். 18ஆம் தேதி வடபழனி மருத்துவமனையில் இறந்தே போனார். வராத புலிக்கெல்லாம் முன்னோர்கள் கூச்சல் போட்டுவைத்த புண்ணியம், வந்த புலியையும் யாரும் நம்பவில்லை. செல்போன் பறித்து உள்ளே போனவருக்கு இந்தச் சங்கடமே கிடையாது. நெஞ்சைப் பிடித்தால் “வாயு”தான். ஒரு மாத்திரையோடு மனு தள்ளுபடி.