கிழங்கு தரும் கிறக்கம்

கேள்வி: குலசேகரத்தில் மரச்சீனிக்கிழங்கை வயிறார உண்ட பால்வெட்டுத் தொழிலாளிக்கு உடனே கண் சொருகுவது ஏன்?

பதில்: விடியுமுன்னே ரப்பர் தோட்டத்துக்குப் புறப்பட்டவரின் தூக்கக்குறைவு பாதிக் காரணம், மீதிப் பொறுப்பைக் கிழங்கின் மாவுச்சத்து ஏற்கிறது. அது குளுக்கோஸாகி இரத்தத்தில் ஏறும்போது கணையம் சுரக்கும் இன்சுலின், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்கள் பலவற்றைத் தசைகளுக்குள் அனுப்பிவிடுவதால், டிரிப்டோபேன் என்னும் அமினோ அமிலம் போட்டியின்றி மூளைக்குள் நுழைந்து, அமைதியூட்டும் செரடோனினாக மாறுகிறது என்பது நெடுநாளாகக் கூறப்படும் விளக்கம். உணவில் சிறிது புரதம் சேர்ந்தாலே இவ்வழி பெரிதும் அடைபடுவதால், 1880-85இல் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய இக்கிழங்குக்கு மீன்கறியைத் துணையாக்கிய அடுக்களைக்கே பாதிப் புகழ் சேரவேண்டும். கிழங்கைக் குறைத்து மீனைக் கூட்டியும் அசதி நீங்காதோர் இரத்தச் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நல்லது.