நாலு விரல் இடைவெளி

நம் ஊரில் கார் வாங்கப் போகிறவர் ஷோரூமில் கேட்கும் முதல் கேள்வி, மைலேஜ் எவ்வளவு. இரண்டாவது கேள்வி, அடி தட்டுமா. இந்த இரண்டாவது கேள்விக்குப் பயந்தே கார்களெல்லாம் வருஷாவருஷம் உயர்ந்துகொண்டு போகின்றன. 2006-இல் ஹோண்டா சிவிக் வந்தபோது அதன் அழகில் சொக்கி வாங்கியவர்களில் பலர், கொஞ்ச நாளிலேயே ஸ்பிரிங்கில் ஸ்பேசர் வைத்து அதைத் தூக்கிவிட ஆள் தேடி அலைந்தார்கள். தேசமே காரைத் தூக்கிக்கொண்டிருக்கையில், தென்காசியில் குடியிருக்கும் ஒருவன் தன் காரை இறக்கப் போகிறேன் என்று கிளம்பினால் வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள்? என்னை அப்படித்தான் பார்த்தார்கள்.

கார், வோக்ஸ்வேகன் வெர்ட்டஸ் ஜிடி. ஒன்றரை லிட்டர் டர்போ இன்ஜின், 150 குதிரைத் திறன். காலையில் ஆபீஸ், சாயங்காலம் காய்கறி, ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீடு என்பது அதன் பந்தய அட்டவணை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் டயருக்கும் மேலே இருக்கிற வளைவுக்கும் நடுவில் நாலு விரல் நுழைகிறது. கார்ப் பைத்தியங்கள் இந்த இடைவெளியை விரலை விட்டுத்தான் அளப்போம். இரண்டு விரல் என்றால் கம்பீரம். நாலு விரல் என்றால், அப்பாவின் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்ட பையன்.

அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "காத்து போகட்டும்னு விட்டிருக்கான். அத ஏம்ல அடைக்கணும்?" என்றாள். மனைவிக்குச் சந்தேகம் வேறு திசையில் போயிற்று. "ஏங்க, ஏத்துறதுக்குக் காசு கேப்பாங்க, சரி. இறக்குறதுக்குமா கேப்பாங்க?"

கேட்பார்கள். இறக்குவதற்குத்தான் அதிகம் கேட்பார்கள்.

இதில் வெறும் அழகு மட்டும் இல்லை, விஞ்ஞானமும் இருக்கிறது என்று வீட்டில் நிறுவ முயன்றேன். காரின் எடை மையம் தரையிலிருந்து ஏறக்குறைய 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தின் பாரம் வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தாவுகிறது. எடை மையத்தை 3 சென்டிமீட்டர் இறக்கினால் அந்தத் தாவல் சுமார் 5 சதவீதம் குறையும். கோவை செட்டிப்பாளையத்தின் கரி மோட்டார் ஸ்பீடுவேயிலும் சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையிலும் ஓடுகிற பந்தயக் கார்கள் தரையோடு தரையாகப் பதுங்குவது இதற்காகத்தான். ஆனால் அங்கே வேகத்தடை கிடையாது. ஐந்தருவிக்கு வழி கேட்டு நடுரோட்டில் நிற்கிற டெம்போ வேனும் கிடையாது.

சரி, அந்த 5 சதவீதத்தை நான் எங்கே செலவழிப்பேன்? செங்கோட்டை தாண்டிப் புளியரை எஸ் வளைவில். கொல்லம் போகிற 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மலையேறத் தொடங்கும் இடம். கார் பிடித்தவனுக்கு அந்த வளைவைப் பார்த்தால் கை துறுதுறுக்கும். அங்கே போய்ச் சேர்ந்தால் முன்னால் எம்-சாண்ட் ஏற்றிய லாரி ஒன்று கேரளத்துக்கு முனகிக்கொண்டு ஏறும். அதற்கு முன்னால் இன்னொன்று. அதற்கும் முன்னால் நடக்கிறதா நிற்கிறதா என்று தெரியாமல் இன்னொன்று. 150 குதிரையையும் கடிவாளம் போட்டு இழுத்துப் பிடித்துக்கொண்டு 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னாலேயே போக வேண்டும். அந்த வேகத்துக்கு எடை மையம் ஓட்டுக்கூரை உயரத்தில் இருந்தாலும் கார் சாயாது.

இருந்தாலும் ஆசை விடவில்லை. விசாரணையைப் பக்கத்துப் பட்டறையில் தொடங்கினேன். அண்ணாச்சிக்கு அம்பாசிடர் காலத்திலிருந்து அனுபவம். நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே, "இதுக்கு ஏன் தம்பி வெளியூர்? ஸ்பிரிங்கில ஒரு சுத்து வெட்டிருவோம். டீ குடிச்சிட்டு வாங்க, முடிஞ்சிரும்" என்று கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டார்.

வெட்டினால் இறங்கும், அதில் சந்தேகமில்லை. சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் கெட்டிப்படும் என்பதும் உண்மை. ஆனால் வெட்டிய முனை, ஷாக் அப்சார்பரின் கிண்ணத்தில் சரியாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் கிண்ணத்தைவிட்டு நகர்ந்து, திரும்பி வரும்போது வேறெங்கோ போய் உட்காரும். டீ குடித்து முடிப்பதற்குள் ஆகிற வேலைதான். அதற்குப் பிறகு டீ குடிக்க நாம் இருக்க வேண்டும்.

அடுத்த படி, இறக்குவதற்கென்றே செய்யப்பட்ட ஸ்பிரிங். ஐபாக், எச் அண்ட் ஆர் என்று ஜெர்மன் பெயர்கள். 25, 30 மில்லிமீட்டர் இறங்கும். ஸ்பிரிங் கெட்டி. சிக்கல் எங்கே என்றால், கம்பெனி ஷாக்கையே வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அந்த ஷாக், மெத்தென்ற ஸ்பிரிங்கை அடக்கப் பழகியது. கெட்டியான ஸ்பிரிங்கின் துள்ளலை அதனால் அடக்க முடியாது. போதாததற்கு ஷாக்கின் மேல்கீழ் ஓட்டத்தில் மூன்று சென்டிமீட்டரை நாம் முன்கூட்டியே தின்றுவிட்டோம். ஒரு நல்ல பள்ளம் வந்தால் நேராகப் போய் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும்.

மூன்றாவது, காயில்ஓவர். பில்ஸ்டீன், கேடபிள்யூ. ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே ஜோடியாக வரும், மரை திருகி உயரத்தை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். விலை லட்சத்தைத் தொட்டும் தாண்டியும் நிற்கும். மரையைத் திருகுவதற்கு ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்ற வேண்டும், பிறகு அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் இறங்கித் திருகிக்கொண்டிருக்க முடியாது. சீசன் நேரச் சாரலில் அந்த மரையில் சேறு ஏறித் துருப்பிடித்தால் பிறகு எப்போதும் திருக முடியாது.

நான்காவது, ஏர் சஸ்பென்ஷன். பட்டனைத் தட்டினால் கார் எழும்பும், தட்டினால் உட்காரும். எல்லாப் பிரச்சினைக்கும் அதுதான் தீர்வு. பல லட்சம் ஆகும் என்றதும் மனைவி, "அதுக்கு ரெண்டாவது காரே வாங்கிரலாமே, உயரமா" என்றாள். அந்த அத்தியாயம் அத்துடன் முடிந்தது.

இதற்கிடையில் ஒரு விஷயம் படித்துத் தெரிந்துகொண்டேன். அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. என் காரின் முன்பக்கம் மேக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் அதுதான். அதில் காரை இறக்கினால் லோயர் ஆர்ம், சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சரியும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே தூரம் கூடும். தூரம் கூடினால் சாய்வதற்கான உந்துதலும் கூடும். கெட்டி ஸ்பிரிங் இருப்பதால் அது வெளியே தெரிவதில்லை, அவ்வளவுதான். கூடவே சக்கரம் உள்பக்கமாகச் சாய்ந்து டயரின் உள் ஓரம் தேயும். ஹெட்லைட்டை மறுபடி மட்டம் பார்க்க வேண்டும்.

சரி, உயரம் உண்மையில் எவ்வளவு தேவை என்று அளந்தே பார்த்துவிடுவோம் என்று ஒரு நாள் விடியற்காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு குற்றாலம் பக்கம் போகிற ஒரு கிளைச் சாலைக்குப் போனேன். வேகத்தடைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் (கட்சி அல்ல, 1934 முதல் இருக்கிற சாலைப் பொறியாளர்களின் அமைப்பு) ஓர் அளவு வகுத்திருக்கிறது. அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், 25 கிலோமீட்டர் வேகத்தில் சங்கடமில்லாமல் ஏறி இறங்கலாம். என் காரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே 2.65 மீட்டர். ஆகவே அந்த மாதிரித் தடையில் நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே நிற்கும். வயிற்றுக்கு அடியில் ஐந்து சென்டிமீட்டர்தான் குறையும். அருமையான ஏற்பாடு. அப்படி ஒன்றை நான் தேடிப் போன சாலையில் காணவில்லை.

அங்கே இருந்தது, ஊர்க்காரர்களே போட்டது. அகலம் ஒன்றரை அடி, உயரம் அரை அடி. யாரோ பையன் பைக்கில் பறந்ததில் யாருக்கோ அடிபட்டு, அன்றைக்கு ராத்திரியே கல்லும் சிமென்டும் கொட்டி எழுப்பியிருப்பார்கள். குனிந்து டேப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிர் டீக்கடையிலிருந்து ஒருவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"சார், நாலு வழிச் சாலைக்கா அளக்கீங்க? எங்க கடை போகுமா, தப்புமா?"

இல்லை அண்ணாச்சி, சும்மா, என்றேன். சும்மா யாராவது விடியற்காலையில் ரோட்டை அளப்பார்களா? அதற்குள் இன்னும் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் வீட்டுக்குள் ஓடிப்போய் பட்டா நகலோடு வந்தார். தெருவிளக்கு எரியாதது, வாறுகால் அடைத்துக்கொண்டது எல்லாம் என்னிடம் முறையிடப்பட்டன. வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னேன்: "இந்தத் தடை எவ்வளவு உயரம்னு பாக்கேன்."

பட்டாக்காரர் முகம் மலர்ந்தது. "அதான சார்! உயரம் பத்தலன்னு நாங்களும் மனு குடுத்திருக்கோம்லா."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். அந்தத் தடை ஒன்றரை அடிதான் அகலம் என்பதால் கார் அதைத் தாண்டும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் தரையில் இருக்கும், முழு அரை அடியும் நடு வயிற்றுக்கு அடியில் நிற்கும். கம்பெனி சொல்கிற உயரம் 179 மில்லிமீட்டர். அதில் 150 போனால் மீதி 29. நான் இறக்க நினைத்தது 30. ஆக, கார் ஒரு மில்லிமீட்டர் கடனில் இருக்கும். இது காலி வண்டிக் கணக்கு. மாமனாரும் மாமியாரும் பின்சீட்டில் ஏறி, டிக்கியில் பலாப்பழமும் ஏறினால் அந்தக் கடனை எந்த வங்கியும் தாங்காது.

சட்டம் வேறு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியின் அடிப்படை அம்சம் மாறியதா என்பதுதான் கேள்வி, ஸ்பிரிங் அடிப்படை அம்சமா என்று வக்கீல்கள் வாதாடலாம். மழையில் நனைந்துகொண்டு சோதனைச் சாவடியில் நான் வாதாட முடியாது. நாலு ஸ்பிரிங் என்றால் நாலு மாற்றமா, ஒன்றா என்ற கேள்வியை நானாக எழுப்பவும் மாட்டேன்.

கடைசியாக ஓட்டியே பார்த்துவிடலாம் என்று புனலூரில் இருக்கும் சிநேகிதனை வரவழைத்தேன். அவன் கார் காயில்ஓவரில் இரண்டு விரல் இடைவெளிக்கு இறங்கியது. பார்க்கக் கண் கொள்ளாது. ஆரியங்காவு வழியாக மலையிறங்கி வந்தவன் சாவியை என்னிடம் நீட்டினான். நல்ல தாரில் அது ஓடிய ஓட்டத்தைக் குறை சொல்லவே முடியாது: திருப்பின இடத்தில் திரும்பிற்று, ஆட்டமில்லை, சாய்வில்லை. தார் முடிந்த இடத்திலிருந்துதான் கதை மாறியது. ரோட்டில் ஒரு வேர்க்கடலை கிடந்தால் அது வறுத்ததா பச்சையா என்று இடுப்பு சொன்னது. ஒட்டுப்போட்ட ஒவ்வொரு குழியும் முதுகுத்தண்டில் தனித்தனியாகப் பதிவாயிற்று. பழைய குற்றாலத்துக்குப் போகும் வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் நிறைந்த பள்ளம் எத்தனை ஆழம் என்று தெரியாமல், முன்னால் போன ஆட்டோ எவ்வளவு முங்கி எழுகிறது என்று பார்த்துப் பார்த்து ஓட்டினோம்.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் முன்னால் போய்க் கவிழ்ந்து படுத்தேன். இடுப்பில் கட்டை விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தியவர், கையை எடுக்காமல் கேட்டார்: "தம்பி லாரி ஓட்டுதீங்களா?"

இல்லை, ஸ்போர்ட்ஸ் செடான், என்றேன். அவர் அதை ஏதோ வியாதியின் பெயர் என்று எடுத்துக்கொண்டார் போல. "ரெண்டு நாள் தொடர்ந்து வந்தா சரியாயிரும்."

அருவியில் நிற்கும்போது மேலகரத்துத் திரிகூட ராசப்பக் கவிராயர் ஞாபகம் வந்தது. குற்றாலக் குறவஞ்சியில், அருவித் திவலையில் சூரியனுடைய தேர்ச் சக்கரமே வழுக்குவதாகப் பாடியிருக்கிறார். இந்த ஊரில் சக்கரத்தின் பிடிப்பைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஆள் அவராகத்தான் இருக்க வேண்டும். அவர் சூரியனைத் தேரை இறக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

நான் எடுத்த முடிவு இது. உயரத்தைத் தொடவில்லை. ஸ்பிரிங் கம்பெனியுடையதே. அதற்கேற்ற நல்ல ஷாக் நாலு, தேய்ந்த புஷ்களுக்குப் புதிது, பிறகு மழைக்குப் பிடிப்புள்ள டயர். கடைசியாக அலைன்மென்ட். இதிலேயே வளைவில் கார் உட்கார்ந்து திரும்புகிறது. 5 சதவீதத்துக்காக ஸ்பிரிங்கில் போட இருந்த பணத்தை டயரில் போட்டால் அதைவிடக் கூடுதலாகத் திரும்பி வருகிறது, அதுவும் எல்லா ரோட்டிலும். இடைவெளியில் இன்னும் நாலு விரல் நுழைகிறது. அம்மாவுக்குத் திருப்தி, காற்று போகிறதாம்.

ஜூன் பிறந்தால் வெளியூரிலிருந்து இறக்கிய கார்கள் குற்றாலத்துக்கு வரத் தொடங்கிவிடும். ஓட்டி வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர் வேகத்தடையில் நேராக ஏறாதீர்கள். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் ஒடித்து, கோணலாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்குங்கள். பின்சீட்டுக்காரர்களை இறக்கி நடக்க விடுங்கள், சாரலில் நடப்பது அவர்களுக்கும் பிடிக்கும். அப்படியும் அடி தட்டினால் உடனே வண்டியை ஓரம் கட்டிக் குனிந்து பாருங்கள், ஆயில் சொட்டினால் இன்ஜினை அணைத்துவிடுங்கள். டீக்கடையில் கேட்டால் பட்டறைக்கு வழி சொல்வார்கள். டேப்பை மட்டும் வெளியே எடுக்காதீர்கள்.