இருமல் ரசிகர்

லெட் செப்பலின் பிடிக்குமா என்று இவரிடம் கேட்டுப் பாருங்கள். "எந்த ராத்திரி?" என்று திருப்பிக் கேட்பார். மனிதர் விளையாடவில்லை. மற்றவர்களுக்கு ஒரு ராக் குழு என்றால் ஆல்பங்கள், இவருக்குத் தேதிகள். கடையில் கிடைக்கிற ஆல்பம் எல்லார் வீட்டிலும்தான் இருக்கிறது, அதில் என்ன பெருமை? 1977 ஜூன் 21 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபோரம் அரங்கில், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்த ஒருவர் திருட்டுத்தனமாகப் பிடித்தாரே ஒரு கேசட், அது உங்களிடம் இருக்கிறதா? இல்லையா? அப்படியானால் லெட் செப்பலின் பிடிக்கும் என்று நீங்கள் சொல்வதெல்லாம் சும்மா ஒரு பேச்சு.

கச்சேரிப் பதிவுகளைத் தேடிச் சேர்க்கும் இந்த இனம் அமெரிக்கா, இங்கிலாந்து, ஜப்பான் என்று பரவிக் கிடக்கிறது. நான் அறிந்தவர் அமெரிக்கர்; அறுபதைத் தாண்டி, வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இடது காதில் ஓயாத 'உஸ்' சத்தம். டாக்டர் அதை வியாதி என்கிறார். இவர் அதை டேப் ஹிஸ் என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார். வீட்டு பேஸ்மென்ட் முழுக்க மேக்ஸெல் கேசட்டுகள், எல்லாம் தொண்ணூறு நிமிடம். முதுகில் பேனாவால் எழுதிய தேதி மட்டும்தான், குழுவின் பெயர் கிடையாது. தேதியைப் பார்த்தும் குழு தெரியாதவருக்கு அந்த பேஸ்மென்டில் என்ன வேலை?

தேதியிலும் ஒரு வம்பு உண்டு. அமெரிக்கர் மாதத்தை முதலில் எழுதுவார், ஆங்கிலேயர் நாளை முதலில் எழுதுவார். அட்லான்டிக்கைத் தாண்டி வந்த கேசட்டில் 5/6 என்று இருந்தால் மே 6-ஆ, ஜூன் 5-ஆ? இந்தக் குழப்பத்தில் நடக்காத கச்சேரிகள் சில நடந்தேவிட்டன. தன் கல்யாண நாளை மட்டும் இவர் மறப்பதே இல்லை. அதே தேதியில் வேறொரு வருடம் நல்ல கச்சேரி ஒன்று நடந்திருக்கிறது; பதிவுதான் சுமார்.

புதிதாக ஒரு கேசட் கைக்கு வந்தால் முதலில் விசாரிப்பது பூர்வீகம். அரங்கில் ஓடிய அசல், 'மாஸ்டர்'. அதிலிருந்து எடுத்தது முதல் தலைமுறை, அதிலிருந்து எடுத்தது இரண்டாம் தலைமுறை. ஒவ்வொரு நகலிலும் ஹிஸ் கொஞ்சம் ஏறும், உச்ச ஒலிகள் கொஞ்சம் மழுங்கும், வேகம் கூடவோ குறையவோ செய்யும். ஏழாம் தலைமுறை என்றால் முகத்தைச் சுளிப்பார். சுளித்துக்கொண்டே வாங்கி உள்ளே வைப்பார். அன்றைக்கு அரங்கில் ரெக்கார்டரின் பேட்டரி தீர்ந்துகொண்டே வந்திருந்தால் இன்னும் விசேஷம். பதிவாகும்போது டேப் மெதுவாக ஓடியிருக்கும். அதைச் சரியான வேகத்தில் போட்டுக் கேட்டால் போகப் போகச் சுருதி ஏறி, கடைசிப் பாட்டில் பாடகருக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும். அப்படி ஒரு பாடகரை மறுபடி பெரியவராக்க இவர் ஒரு குளிர்காலம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். வாசல் பனியை வாரிக் கொட்டியது மனைவி.

'சவுண்ட்போர்டு' என்று ஒரு வகை உண்டு. ஒலிக்கலவை மேஜையிலிருந்து நேராகக் கம்பி இழுத்து எடுத்தது. புதியவர்கள் அதற்கு வாயைப் பிளப்பார்கள். இவருக்கு ஆகாது. "அதுல ஹால் எங்கே? கூரை எங்கே? ஜனங்க எங்கே?" என்பார். இந்த ஒரு விஷயத்தில் நானும் அவர் கட்சி. சின்ன அரங்குகளில் கிட்டார்க்காரரின் ஆம்ப்ளிஃபயரே காதைக் கிழிக்கும் என்பதால், அந்த ஒலியை மேஜையில் அதிகம் ஏற்ற மாட்டார்கள். விளைவு, சவுண்ட்போர்டு பதிவில் பாடகர் நம் மூக்கருகே நின்று கத்துவார், கிட்டார் பக்கத்துத் தெருவிலிருந்து கேட்கும். பன்னிரண்டாவது வரிசையில் உட்கார்ந்தவருக்கு என்ன கேட்டதோ, அது பன்னிரண்டாவது வரிசையில் இருந்த மைக்குக்குத்தான் தெரியும்.

அந்த மைக் உள்ளே போனது எப்படி என்பதில்தான் இவர்களுடைய வீர வரலாறு இருக்கிறது. 1969 நவம்பரில் ஓக்லண்டில் ரோலிங் ஸ்டோன்ஸ் பாடியபோது கூட்டத்திலிருந்து ஒருவர் நீண்ட குழல் மைக்கையும் ஊஹர் ரெக்கார்டரையும் வைத்துப் பிடித்தார். அது இசைத்தட்டாக வெளிவந்து சக்கைப்போடு போட்டது. அடுத்த வருடம் அந்தக் குழுவே தன் நேரடிக் கச்சேரி ஆல்பத்தை வெளியிட்டது. திருட்டுத் தட்டுக்குப் போட்டியாகத்தான் வெளியிட்டார்கள் என்று இவர் இன்றைக்கும் அடித்துச் சொல்வார்.

ஆனால் குலதெய்வம் வேறு ஆள்: மைக் மில்லர்ட். பெயரிலேயே மைக் வைத்திருந்த புண்ணியவான். எழுபதுகளில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரக் கச்சேரிகளுக்கு நடக்க முடியாதவர் மாதிரி சக்கர நாற்காலியில் வருவார், பின்னாலிருந்து நண்பர் தள்ளுவார். இருக்கைக்கு அடியில் கனமான நகாமிச்சி கேசட் டெக். காவலர்கள் பரிதாபப்பட்டு வழிவிடுவார்கள். ஆரம்பத்தில் சொன்ன ஜூன் 21 கேசட் அந்த நாற்காலியில் போய் வந்ததுதான். இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இவர் குரல் தழுதழுக்கும். அவர் செய்தது ஏமாற்று இல்லையா என்று கேட்டால், "ஒலித்தரத்தைக் கேட்டியா நீ?" என்பார். அத்துடன் தர்ம விசாரம் முடிந்தது.

குலதெய்வம் இருந்தால் அசுரனும் வேண்டுமே. லெட் செப்பலின் மேனேஜர் பீட்டர் கிரான்ட். ஆள் மலை. கூட்டத்தில் மைக்கைப் பார்த்தால் விட மாட்டார். 1971-இல் வான்கூவரில் அரங்குக்குள் யாரோ கருவி வைத்திருப்பதைப் பார்த்து, பதிவுத் திருடர்கள் என்று முடிவுகட்டி அதை ஒழித்துக்கட்ட வைத்தார். அது கச்சேரியின் சத்தம் எவ்வளவு என்று அளக்க அதிகாரிகள் கொண்டுவந்த கருவி என்பது அப்புறம்தான் தெரிந்தது. இவருக்குப் பிடித்த கதைகளில் இதற்கு முதலிடம். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் கருவி பதிவும் செய்யக்கூடியதா இருந்திருக்குமோ?" என்று கேட்பார். கேட்பது வேடிக்கைக்கு அல்ல.

எல்லாக் குழுக்களும் இப்படி விரட்டவில்லை. 1984 அக்டோபரில் க்ரேட்ஃபுல் டெட் குழு பெர்க்லி நகரக் கச்சேரியில் பதிவு செய்கிறவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம். மைக் கம்புகள் தோப்பாக எழுந்து நின்றன. சரித்திரத்திலேயே பெருந்தன்மையான காரியம் இது என்று இவரும் ஒத்துக்கொள்வார். ஆனாலும் அனுமதியோடு பிடிப்பதில் அவ்வளவு சுவாரசியமில்லை என்பது இவர் கட்சி.

பிடிக்கிறவருக்கு ஒரு சாபமும் உண்டு: கை தட்டக் கூடாது. மைக் தொப்பியில் இருக்கும். தலையை ஆட்டினால் கிட்டார் இடது காதிலிருந்து வலது காதுக்கு நடந்து போகும். கூடப் பாடினால் அவ்வளவுதான், ஆயிரம் பேர் அவருடைய அபசுரத்தைக் காலத்துக்கும் கேட்பார்கள். சுற்றிலும் இருபதாயிரம் பேர் நாற்காலி மேல் ஏறிக் கூத்தாடும்போது, இவர் மட்டும் வரி கட்ட வந்தவராக விறைத்து உட்கார்ந்திருப்பார். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்துதான் என்பதால் ஒரு கண் கடிகாரத்தில். நம்மூர் ரசிகர் தனி ஆவர்த்தனத்தில் கேண்டீனுக்கு எழுந்து போவார். இவர் டிரம்ஸ் தனி தொடங்கியதும் குனிந்து கேசட்டைத் திருப்பிப் போடுவார். இளமையில் இவர் நேரில் பார்த்த கச்சேரிகள் ஏராளம். எதையும் அந்த ராத்திரியில் கேட்டதில்லை, வீட்டுக்கு வந்துதான் கேட்டார்.

கேட்டது எதை என்பதுதான் விஷயம். இவருடைய பொக்கிஷங்களில் எழுபதுகளைச் சேர்ந்த ஒரு கேசட் இருக்கிறது. மைக்குக்குப் பின்வரிசையில் ஒரு ஜோடி. அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு பாட்டுதான் வேண்டும். ஒவ்வொரு பாட்டு ஆரம்பித்ததும் "இதுவா?" என்கிறாள். "இல்ல" என்கிறான் அவன். ஐந்தாவது பாட்டில் அவன் குரலில் எரிச்சல் தட்டுகிறது. ஏழாவதில் சண்டையே வந்துவிடுகிறது, கிட்டார் தனியை அமுக்கிக்கொண்டு. முதல் பக்கம் முடிகிறது. இரண்டாம் பக்கம் ஆரம்பிக்கும்போது இருவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். கேசட்டைத் திருப்பிய அந்த இடைவெளியில் என்ன நடந்தது? நாற்பது வருடமாக இவருக்கு இதுதான் கேள்வி. வேறு யாராவது அதே ராத்திரி அரங்கின் வேறு மூலையில் பிடித்திருப்பார்களா என்று இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார். வேறு மூலையில் பிடித்திருந்தால் அவர்கள் பேச்சு கேட்காதே என்று சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு டீ ஊற்றினார்.

சொந்த மகன் என்ன பேசினான் என்று கேட்டால் முழிப்பார். 1966-இல் பாடகர் பாப் டிலனைப் பார்த்து "யூதாஸ்!" என்று கத்தியவரைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசுவார். அந்தக் கூச்சல் எழுந்தது மான்செஸ்டரில். திருட்டுத் தட்டில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் என்று தப்பாகப் போட்டுவிட்டார்கள். 1998-இல் அதிகாரபூர்வமாக வெளியிட்ட கம்பெனியும், தப்பு என்று தெரிந்தே, அந்தப் பெயரை மேற்கோள் குறிக்குள் வைத்தே போட்டது. கத்தியது நான்தான் என்று பிற்காலத்தில் ஒருவருக்கு மேல் உரிமை கொண்டாடினார்கள். அவர்களில் யார் அசல் என்பதில் இவருக்குத் தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. கேட்டுவிடாதீர்கள்.

இத்தனை சேகரித்தும் ஒரு காசு பார்த்ததில்லை. விற்கிறவன் திருடன், மாற்றிக்கொள்கிறவன் தொண்டன் என்பது இவர்களுடைய தர்மம். வெற்று கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் முன்பின் தெரியாதவருக்கும் ராத்திரி கண் விழித்து நகலெடுத்து அனுப்புவார். திருடர்கள் ஜப்பானில் அழகான அட்டை போட்டு விற்கும் சிடிகளும் அலமாரியில் இருக்கின்றனவே என்று கேட்டால், அவை 'ஆராய்ச்சிக்கு'.

இப்போது ஒரு சங்கடம் வந்திருக்கிறது. மில்லர்ட் 1975 ஏப்ரலில் பிடித்த பிங்க் ஃபிளாய்ட் கச்சேரியை, அந்தக் குழுவே 2025-இல் தன் ஆல்பத்தின் 50-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்து, மில்லர்டின் பெயரையும் போட்டு வெளியிட்டது. ஐம்பது வருடம் ஒளித்துக் கும்பிட்ட சாமிக்கு அரசாங்கமே தேர் இழுக்கிறது. சந்தோஷப்பட வேண்டியவர் இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. பிறகு இரண்டு பிரதிகள் வாங்கினார், ஒன்று பிரிப்பதற்கு, ஒன்று பிரிக்காமல் வைப்பதற்கு. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் பண்ணியிருக்காங்க," என்றார், குற்றம் சாட்டும் குரலில். "யார் வேணும்னாலும் கேக்கலாம்."

அடுத்த வாரம் தபாலில் எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே அதே கச்சேரி, அவருடைய பழைய நகலிலிருந்து, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் கோப்புகளாக மாற்றியது. கூடவே இரண்டு பக்கத் தாள்: எந்த மைக், எந்த டெக், எத்தனையாவது தலைமுறை, எந்த நிமிடத்தில் யார் இருமுகிறார். கடைசியில் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு ஒரு வரி: இதை எம்பி3 ஆக்கினால் எனக்குத் தெரிந்துவிடும்.